முதலில் பம்ப், பிறகு குழாய்

4 நவம்பர் 2024, திங்கள்

புஜைராவில் ஒருவழியாக வெயில் இறங்கிவிட்டது. அலுவலக ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அதற்குள் எண்ணெய்க் கிடங்கிலிருந்து போன். இரண்டு வேலைகளைத் தொடங்கியதும் நாங்கள் எழுதிக்கொடுத்த மென்பொருள் அப்படியே உறைந்துவிட்டதாம். கப்பல் வந்து நிற்கிறது, எண்ணெய் ஏறவில்லை. கணினியை அணைத்துப் போட்ட பிறகுதான் ஓடியிருக்கிறது.

திரையில் பிழைச் செய்தி ஏதும் இல்லை என்கிறார்கள். எதுவும் சாகவில்லை, நகரவும் இல்லை. எனக்குப் பிடித்த வகைப் பிரச்சினை இது. உள்ளே ஏதோ ஒன்று எதற்காகவோ காத்துக்கொண்டிருக்கிறது. எதற்கு என்று கண்டுபிடித்துவிடுவேன்.

5 நவம்பர்

கிடங்குக்குப் போனேன். அன்று டியூட்டியில் இருந்தவர் ஃபாரூக் பாய், காயல்பட்டினத்துக்காரர். கட்டுப்பாட்டு அறையில் பல வருடமாக இருக்கிறார்.

"கப்பலுக்கு ஏத்துறதை ஸ்டார்ட் பண்ணேன் மேடம். உடனே டேங்க்ல இருந்து டேங்குக்கு மாத்துறதையும் ஸ்டார்ட் பண்ணேன். ரெண்டையும் சேர்த்தே ஸ்டார்ட் பண்ணலாம்னுதான் ட்ரெய்னிங்ல சொன்னாங்க."

"சரியாத்தான் சொல்லியிருக்காங்க" என்றேன்.

"அப்ப ஏன் மேடம் என் பேரைச் சொல்றாங்க?"

அவரை வேலையிலிருந்து எடுக்கப்போவதாகப் பேச்சு. வேலை போனால் விசா போகும், குடும்பத்தோடு ஊர் திரும்ப வேண்டும். மகள் ஹஃபீஸா இங்கே பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். அவர் கெஞ்சவில்லை. கேட்டுவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டார். அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

6 நவம்பர்

எங்கள் மேனேஜர் விஜயபாஸ்கர் சார் கூப்பிட்டார்.

"ஆபரேட்டர் ரெண்டையும் ஒண்ணா அழுத்திட்டார்னு ரிப்போர்ட்ல போட்டுடுங்க ஜோதி. நடந்தது அதுதானே?"

"நடந்தது அதுதான் சார். ஆனா அழுத்தினா புரோகிராம் தாங்கணும். அதுக்குத்தானே செமாஃபோர் வச்சிருக்கோம்?"

"டேங்க் மாத்துற பகுதி நான் எழுதினது. ஏழு வருஷமா ஓடுது."

"ஓடுச்சு சார். அப்ப கப்பல் நிக்கிற பெர்த் ஒண்ணுதான் இருந்துச்சு, கப்பல் இல்லாத நேரத்துல டேங்க் மாத்துவாங்க. இப்ப புது பெர்த் வந்தாச்சு. கப்பல் இல்லாத நேரமே கிடையாது. ரெண்டும் இப்பத்தான் நேருக்கு நேர் மோதுது."

பிள்ளை பெற்று மூன்று வருடம் வீட்டில் இருந்த எனக்கு, வேறு யாரும் நேர்காணலுக்குக்கூட அழைக்காதபோது, வேலை கொடுத்த மனிதர் அவர். அதை மறக்கவில்லை. அதற்காகப் பொய் எழுதுவதா? மாட்டேன்.

7 நவம்பர்

பிடித்துவிட்டேன்!

பம்புக்கு ஒரு செமாஃபோர், குழாய்க்கு ஒன்று. செமாஃபோர் என்பது வெறும் எண்தான். ஒன்று என்றால் எடுத்துக்கொள்ளலாம். எடுத்தவுடன் அது பூஜ்யமாகும். பூஜ்யம் என்றால் அடுத்து வருகிற ப்ராசஸ், அதாவது நிரலின் அடுத்த வேலை, நின்று காத்திருக்க வேண்டும். எடுத்தவர் வேலை முடித்து விட்டுக்கொடுத்தால் மீண்டும் ஒன்றாகும். கப்பலுக்கு ஏற்றும் ப்ராசஸ் பம்பை எடுத்துவிட்டுக் குழாயைக் கேட்கிறது. டேங்க் மாற்றும் ப்ராசஸ் குழாயை எடுத்துவிட்டுப் பம்பைக் கேட்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் கிளம்பினால் ஆளுக்கொன்றைப் பிடித்துக்கொண்டு, மற்றதற்காக, காலம் முழுக்க நிற்கும்.

சாப்பிடும்போது பாலகுருவிடம் சொன்னேன். அவர் கப்பல் ஏஜென்சியில் வேலை பார்ப்பவர், கணினி பற்றி அக்கறை இல்லாத கணவர்.

"யாராச்சும் ஒருத்தர் விட்டுக்கொடுத்தா முடிஞ்சு போச்சுல்ல?"

"அதுகளுக்கு விட்டுக்கொடுக்கத் தெரியாது. நாமதான் சொல்லித் தரணும்."

"உங்க மேனேஜருக்கு?"

சிரிப்பு வந்தது. வாயில் சோறு.

8 நவம்பர், வெள்ளி

வெள்ளிக்கிழமை இங்கே அரை நாள்தான். இரண்டு ப்ராசஸும் இனி முதலில் பம்ப், பிறகு குழாய். வரிசை ஒன்றாகிவிட்டால் ஒன்று காத்திருக்கும், மற்றது முடிக்கும். மாற்றியது சில வரிகள்தான்.

10 நவம்பர், ஞாயிறு

விடுமுறையானாலும் அலுவலகம் வந்து, சோதனைக் கணினியில் இரண்டையும் திரும்பத் திரும்ப ஓடவிட்டேன். நன்றாக ஓடியது. பம்ப் தொடங்காதது போலவும், வால்வு திறக்காதது போலவும் நடிக்க வைத்துப் பார்த்தேன் —

மறுபடியும் உறைஞ்சிருச்சு. அய்யோ. என்ன கூத்து இது? வரிசையைச் சரியாத்தானே மாத்துனேன்? ஃபாரூக் பாய்க்கு நேத்துத்தான் போன் போட்டு 'கவலைப்படாதீங்க'ன்னு சொன்னேன். எதுக்குச் சொன்னேன்? வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க முடியாதா எனக்கு?

பிற்பகல் — எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தேன். ஒவ்வொரு வரியாகக் கீழே இறங்கினேன். இருந்தது. வால்வு திறக்கவில்லை என்றால் 'பிழை' என்று சொல்லிவிட்டு டேங்க் மாற்றும் பகுதி பாதியிலேயே திரும்பிவிடுகிறது. கையில் பிடித்த பம்பை விடவே இல்லை. அதன் பிறகு யார் கேட்டாலும் அந்த எண் பூஜ்யம்தான்.

எந்த வழியாக வெளியேறினாலும் விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். அப்படியே எழுதினேன். வால்வைத் திறக்காமல், பம்பை நிறுத்தி, நடுவில் ரத்து செய்து — முடிந்தவரை கெடுத்துப் பார்த்தேன். ஓடுகிறது. இப்போது சொல்வேன், நிச்சயமாக.

11 நவம்பர்

சாருக்குக் காட்டினேன். முதலில் பழைய நிரலை ஓட்டினேன், உறைந்தது. புதியதை ஓட்டினேன், ஓடியது. மறுபடியும் பழையதைப் போடச் சொன்னார். உறைந்த திரையை வெகுநேரம் பார்த்தார்.

"இந்த ரிட்டர்ன்... பாதியில திரும்புறது, நான் போட்டதுதான். வால்வு திறக்காமப் போகும்னு யோசிக்கவே இல்ல."

"யாருக்கும் தோணாது சார். எனக்கே ரெண்டாவது தடவைதான் தெரிஞ்சுது."

"நாளைக்குக் கிடங்கு ஆளுங்களோட மீட்டிங்."

"நான் பேசறேன் சார். ஆபரேட்டர் தப்புன்னு மட்டும் சொல்ல மாட்டேன்."

"வேணாம். நான் பேசிக்கறேன்" என்றார். என்ன பேசப்போகிறார் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

12 நவம்பர்

கிடங்கு மேலாளர் கௌஸ் முகம்மது ஹைதராபாத்காரர். உட்கார்ந்ததுமே கேட்டார், "ஆபரேட்டர் கீ கல்தி ஹை நா?" ஆபரேட்டர் தப்புதானே என்று.

நான் வாயைத் திறப்பதற்குள் சார் சொன்னார்: "நஹி. மேரா கோட்." தப்பு என் நிரலில் என்று.

பிறகு சார் என் பக்கம் திரும்பி, "நீங்க காட்டுங்க ஜோதி" என்றார். காட்டினேன். கௌஸ் முகம்மது இரண்டு கேள்விகள் கேட்டார், நல்ல கேள்விகள். கடைசியில் "கலாஸ்" என்று ஃபைலை மூடினார். அரபியில் 'முடிந்தது' என்று. ஃபாரூக் பாயின் பெயர் அதன் பிறகு அடிபடவே இல்லை.

வெளியே வந்து காரில் ஏறும்போது சார் சொன்னார், "நல்லவேளை நீங்க எழுதல."

எதை என்று நான் கேட்கவில்லை.

14 நவம்பர்

புதிய நிரல் கிடங்கில் ஏறிவிட்டது.

4 டிசம்பர், புதன்

தேசிய தின விடுமுறை முடிந்து அலுவலகம். விஜயபாஸ்கர் சாரிடமிருந்து மின்னஞ்சல்: புதிதாக ஒரு பகுதி எழுதியிருக்கிறாராம், 'கிடங்குக்கு அனுப்பும் முன் பார்த்துச் சொல்லுங்கள்'. இதுவரை தன் நிரலை அவர் யாரிடமும் காட்டியதில்லை. உட்கார்ந்து முழுவதும் படித்தேன். ஓரிடத்தில் கேள்வி எழுப்பினேன். சிறிது நேரத்தில் பதில் வந்தது: 'சரி, மாற்றிவிட்டேன்.'

மாலையில் ஃபாரூக் பாய் போன் செய்தார். பதறிப்போய் எடுத்தேன்.

"ஒண்ணுமில்ல மேடம். ரெண்டு பெர்த்துலயும் கப்பல் நிக்குது, ஏத்துறதும் டேங்க் மாத்துறதும் ஒண்ணு முடிஞ்சதும் ஒண்ணு தானா ஓடுது. எனக்கு வேலையே இல்ல. டீ குடிக்கப் போறேன், சும்மா சொல்லலாம்னு..."