சர்ச் பின்புறத்து முட்கொடி

அன்புள்ள ப்ரையனிக்கு,

நான் நலம், வீடு நலம், தொட்டியில் காய்ந்த குச்சி மாதிரியே நிற்கும் உன் குச்சிப்பூச்சிகளும் நலம். நீயும் நலம் என்றே வைத்துக்கொள்கிறேன், இல்லாவிட்டால் உன் நியூசிலாந்துப் பண்ணைக்காரராவது இரண்டு வரி எழுதியிருப்பார். பூச்சிகள் தொல்லையாக இருந்தால் என் பழைய பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிடுங்கள் அப்பா என்று எழுதியிருந்தாய். கொடுப்பதாக இல்லை. ஊர் முழுக்க வீடுகளைச் சூடாக்கும் கொதிகலன்களைப் பழுது பார்க்கிறவனுக்கு ஒரு கண்ணாடித் தொட்டியைப் பார்த்துக்கொள்ளத் தெரியாதா? ஆனாலும் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். டிசம்பர் பனியில் இவை தின்னும் கால்வாய் ஓரத்து முட்கொடி முழுவதும் கருகிப்போயிற்று. ரயில் பாதையோரம் பச்சையாகத்தான் நிற்கிறது, ஆனால் அங்கே களைக்கொல்லி அடிக்கிறார்கள், அதைத் தொடமாட்டேன். வாசல் வேலிச்செடியை வெட்டி வைத்தேன். முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. பிறந்ததிலிருந்து முட்கொடி தின்றதுகளுக்கு இரண்டையும் கலந்து வைத்துத்தான் வேறு இலை பழக்க வேண்டும் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. அதற்குள் பசியில் ஒன்றையொன்று கடித்து, உன் செல்லப்பூச்சி டச்சஸுக்கு ஒரு பின்னங்கால் போய்விட்டது. அழாதே, ஐந்து காலில் நன்றாகவே ஏறுகிறாள்.

பச்சை மிச்சமிருந்தது ஒரே இடம்தான், சர்ச் பின்சுவரை ஒட்டிக் காற்றுப்படாத மூலை. கத்திரியோடு போனால் எதிரே டோரின், உனக்கு ஞாயிற்றுக்கிழமைப் பாடம் எடுத்தாரே, அவர்தான் இப்போது சர்ச் பொறுப்பாளர். கிறிஸ்துமஸ் பாட்டுக் கூட்டத்துக்கு முன்னால் கல்லறைத் தோட்டத்தைத் துப்புரவு செய்கிறார்களாம். “சனிக்கிழமை வேரோட பிடுங்கப் போறோம் தம்பி, இந்த முள்ளு கல்லறைக் கல்லையே பேத்துடுச்சு” என்றார். ஏப்ரல் வரை விடுங்கள், பூச்சிகள் பட்டினி என்று டச்சஸின் கால் கதையைச் சொன்னேன். “வீட்டுக்குள்ள பூச்சி வந்தா நான் செருப்பாலதான் பேசுவேன், நீ என்னடான்னா விருந்து வைக்கிறே!” என்று சிரித்தார். அத்தனையும் பெண்கள், ஆண் துணையே இல்லாமல் முட்டையிடும் என்றதும், “கெட்டிக்காரிங்கதான், என் காலத்துல இது தெரியாம போச்சே” என்றார், ஆனால் சனிக்கிழமையை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

சர்ச்சுக்குள் பாட்டு ஒத்திகைக்கு வந்த எல்லாரும் கோட்டும் தொப்பியுமாக நிற்பதை அப்போதுதான் பார்த்தேன். கொதிகலன் அணைந்து ஒரு வாரம் ஆகிறதாம், ஒப்பந்தம் போட்ட வெளியூர் ஆள் வர ஜனவரி ஆகுமாம். எனக்குப் பொறுக்கவில்லை, கீழே இறங்கிப் போய்ப் பார்த்தேன். காற்றுத்துளை முழுக்க முழந்தாள் போடும் மெத்தைகளைத் திணித்து வைத்திருந்தார்கள். “குளிர் காத்து வருதேன்னு நாங்கதான் அடைச்சோம்” என்று டோரின் பெருமையாகச் சொல்ல, “அது கொதிகலன் மூச்சு விடுற வழி. தானா அணைஞ்சுது, பிழைச்சீங்க. இல்லேன்னா விஷப்புகை உள்ளேயே நிறைஞ்சு, பாட்டு நடுவுலயே எல்லாரும் நேரா மேலே போயிருப்பீங்க” என்று சத்தம் போட்டேன். மெத்தைகளைப் பிடுங்கிப் போட்டு, கொதிகலனை அலசிச் சோதித்து ஓடவைத்தேன், மாலைக்குள் குழாய்கள் சூடாகிவிட்டன. கூலி என்ன என்றார் டோரின். முட்கொடி என்றேன்.

சனிக்கிழமை மண்வெட்டியும் தேநீருமாக ஊரே திரண்டு வந்து தோட்டத்தைச் சுத்தமாக வழித்துவிட்டது, அந்த மூலையைத் தவிர. அதைச் சுற்றிச் சிவப்பு ரிப்பன் கட்டி டோரின் ஓர் அட்டை தொங்கவிட்டிருக்கிறார்: “டச்சஸின் சாப்பாடு. கை வெச்சா எனக்குப் பதில் சொல்லணும்.” நேற்று கடையில் பார்த்தபோது, “உன் நொண்டி மகராணி எப்படியிருக்கா?” என்று கேட்டார். நாளுக்கு ஒரு கொத்து வெட்டி, பழுப்போரத்தை நறுக்கி எறிந்து, தண்ணீர்க் குப்பியில் செருகி, பூச்சிகள் விழுந்து மூழ்காதபடி வாயைப் பஞ்சால் அடைத்து வைக்கிறேன். விடிவதற்குள் காம்புதான் மிச்சம்.

அங்கே இப்போது கோடை, நீ வெயிலில் தொப்பி இல்லாமல் அலையாதே, ஆட்டு மந்தைக்கு நடுவே நின்று வீரம் காட்டாதே, வேளைக்குச் சாப்பிடு. ஏப்ரலில் இளந்தளிர் வரும், அது மட்டுமே தின்றால் இவற்றுக்கு ஆகாது, முற்றிய இலையோடு கலந்துதான் வைக்க வேண்டும். அந்த வேலைக்கு நீயே வந்துவிடு, மறக்காதே. தொட்டி உன் அறையில் உன் ஜன்னலோரம்தான் இருக்கிறது. காலியாகக் கிடக்கிற அறைக்கு ஹீட்டர் எதற்கு என்று வருஷமெல்லாம் ஊருக்குச் சொல்கிறவன் நான். உன் அறையில் மட்டும் அணைக்கவில்லை. பூச்சிகளுக்காகத்தான்.

எங்கே இருந்தாலும் தைரியமாக, திடமாக, நீயாகவே இரு, கண்ணு.

உன் அப்பா,
கிரெய்க்