பின்னால் வந்த பெட்டி

ஜூலை 9, புதன்

பிரான்சிலிருந்து சொந்த ஊர் டுவாலா வந்து சேர்ந்தேன். கர்த்தருக்கு ஸ்தோத்திரம். விமானக் கதவு திறந்ததும் ஈரத்துணியை முகத்தில் போட்டதுபோலக் காற்று. ஆறு வருடத்தில் அது ஒன்றுதான் மாறவில்லை.

பெட்டி வரவில்லை. இருபத்து மூன்று கிலோ. பத்தொன்பது பேருக்கான சாமான். யாருக்கு எது என்று இந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. சாமான்தான் இல்லை.

வெளியே பதினெட்டுப் பேர் ஒரே துணியில் தைத்த உடுப்போடு நின்றார்கள். பத்தொன்பதாவது ஆள், என் அக்கா டிக்கி, வரவில்லை.

வீட்டு வாசலிலேயே ஒப்பாரி. அடக்கத்துக்கு வராதவள் வந்தால் முதலில் அழவேண்டும், அப்புறம்தான் தண்ணீர். அம்மா போய் நாலு வருடம். எக்வாலா மாமா என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, “உன் பேரைச் சொல்லிக்கிட்டே போனாளே!” என்று கதறினார். அதே மூச்சில், காதருகே: “பெட்டி எத்தனை?”

“ஒண்ணு. அதுவும் வரல, மாமா.”

அழுகை நின்றது. எனக்கு மட்டும் நிற்கவில்லை. அக்கா அடுப்படியை விட்டு எழுந்தே வரவில்லை.

ஜூலை 10

விமான நிலையம் போனேன். “நாளைக்கு வாங்கம்மா.”

ஜூலை 11

நாளைக்காம். மாற்றுத்துணி இல்லை. கட்டிலில் அம்மாவின் கபா, அந்தத் தொளதொள அங்கி, மடித்துக் கிடந்தது. வைத்தது அக்காதான். பேசத்தான் இல்லை.

ஜூலை 13, ஞாயிறு

போதகர் எனக்காக ஜெபிக்கிறார் என்று நினைத்தேன். பெட்டிக்காக! மாமா மகன் மிசோலே எழுந்து, “ஆண்டவரே, என் செருப்பு நாப்பத்து மூணாம் நம்பர், ஞாபகம் இருக்கட்டும்” என்றான். ஆமென் கூரையைத் தொட்டது.

ஜூலை 16

முதல் நாள் என் தட்டில் முழு மீன். அப்புறம் பாதி. இன்று மத்தியானம் வால்.

அடுப்படிக்குப் போய், அடக்கத்துக்கு ஏன் வரவில்லை என்று அக்காவிடம் சொல்லிவிட்டேன். அம்மா போன அன்றைக்கே டிக்கெட் கையில் இருந்தது. பிரான்சிலிருந்து வெறுங்கையோடு எப்படி வருவது? பெட்டியை நிரப்ப ஒரு மாதம் ஆயிற்று, அதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது.

“பிணவறையில அம்மாவ மூணு வாரம் வச்சுக் காத்திருந்தோமேடி! இப்ப வெறுங்கையோடதான வந்திருக்க? செத்தா போயிட்ட?”

கேட்டுவிட்டு, என் தட்டில் முழு மீனை வைத்தாள்.

ஜூலை 19

பெட்டி வந்தது. ஊரே வந்தது. மாமா பெட்டியைக் கட்டிக்கொண்டு அழுதார். இந்தத் தடவை கண்ணீரும் வந்தது. கால் மணியில் எல்லாம் காலி. மிசோலேயின் செருப்பு நாற்பத்திரண்டு, விசுவாசம் குறைந்துவிட்டதாம். அக்காவுக்கு வாங்கிய தோல் பை வெங்காயத்தோடு அடுப்படி ஆணியில் தொங்குகிறது.

ஜூலை 23

புறப்பாடு. பெட்டி மறுபடியும் இருபத்து மூன்று கிலோ. புகைபோட்ட மீன், அதற்கு மேல் அம்மாவின் கபா. கைப்பையில் அடுத்த தடவைக்கான சாமான் சீட்டுகள், பதினெட்டு.

வழியனுப்ப வந்தவள் அக்கா மட்டும்.

“உனக்கு என்ன வேணும், அக்கா?” நோட்டைத் திறந்தேன். பிடுங்கி மூடினாள்.

“பெட்டி பின்னால வரட்டும்டி. நீ நேரத்துக்கு வா.”

விமானத்தில் உட்கார்ந்து, கடைசிப் பக்கத்தில் டிக்கி என்ற பேருக்கு நேரே அதைத்தான் எழுதினேன்.