பிள்ளையார் அச்சின் ரப்பர்

விருத்தாசலம்,
2-ஆம் தேதி, ஞாயிறு.

அன்புள்ள பிரபா அக்காவுக்கு,

தங்கை மோகனப்பிரியா எழுதுவது. கோயம்புத்தூரில் நீயும் மாமாவும் சௌக்கியமாக இருக்க வேண்டும். இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. என் போன் ரிப்பேருக்குப் போய் இருபது நாளாகிறது. வீட்டுக்காரரிடம் கேட்டால், கடைக்காரர் ஊரில் இல்லை என்கிறார். அந்தக் கடைக்காரர் தினமும் எங்கள் தெரு வழியாகத்தான் பைக்கில் போகிறார்.

இந்த வீட்டில் எல்லாரும் நல்லவர்கள், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மீன் குழம்பில் நடுத்துண்டு எனக்குத்தான். ஆனால் பி.எட். முடித்தவள், இரண்டு வருடமாக வீட்டுப் பட்டறையில் பீங்கான் பொம்மை அச்சுக்கு ரப்பர் மாட்டிக்கொண்டிருக்கிறேன். வேலைக்குப் போகிறேன் என்றால், எங்க வூட்ல என்னா கொறச்சல் இருக்குது, நீ பஸ்ஸு ஏறிப் போயி சம்பாரிக்கணுமா என்று அத்தை கேட்கிறார்கள்.

வேப்பூர்ப் பள்ளி ஒன்றில் அறிவியல் டீச்சர் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். 14-ஆம் தேதி வெள்ளிக்கிழமை மாதிரி வகுப்பு. முகத்துக்கு நேரே வீட்டுக்காரர் சரி என்றார். மறுநாள்தான் போன் ரிப்பேருக்குப் போனது. பிள்ளைகள் முன்னால் ரப்பர் முறுக்கில் பறக்கும் ஹெலிகாப்டர் விடலாம் என்று செய்யத் தொடங்கினேன். மூங்கில் குச்சி, தெர்மாகோல் தட்டில் வெட்டிய இறக்கை, வளைத்த ஜெம் கிளிப், கவரிங் மாலையில் கழற்றிய ஒரு மணி. கடை ரப்பர் இருபது முறுக்கிலேயே அறுந்தது. அச்சை இறுக்கிக் கட்ட சைக்கிள் டியூபில் வெட்டி வைத்திருக்கும் ரப்பர் ஞாபகம் வந்தது.

அங்கேதான் புத்தி கெட்டுப்போனேன். காலி என்று நினைத்து ஓர் அச்சிலிருந்து ரப்பரை உருவினேன். அதில் அப்போதுதான் களிமண் கூழ் ஊற்றியிருந்தார்கள். அச்சு இரண்டாகப் பிரிந்து கூழெல்லாம் தரையில். அது பிள்ளையார் அச்சு. அத்தை தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்கள். பிள்ளையாரைப் பாதியில் கலைத்தவள் ஒரு மண்டலம் வாசல் தாண்டக் கூடாதாம். உருவமே வரவில்லையே, கூழாகத்தானே இருந்தது என்றேன். எடுபடவில்லை. அவருக்கும் இது வசதியாகப் போயிற்று. நாற்பத்தெட்டு நாள்தானே, வேலை எங்கே ஓடிவிடப் போகிறது என்கிறார்.

இருந்தாலும் செய்து முடித்தேன். அந்த ரப்பரை இழையாக நறுக்கி, விளக்கெண்ணெய் தடவி, அறுபது முறுக்கு கொடுத்தேன். முதலில் இறக்கை சும்மா நின்றது, குச்சிதான் சுற்றியது. குச்சியில் அகலமாக ஓர் அட்டை ஒட்டியதும் ஜிவ்வென்று ஏறி, கூரையின் சிமெண்ட் சீட்டில் முட்டி விழுந்தது. இந்த அறையில் அதற்கு மேல் போக இடமில்லை. உட்கார்ந்து அழுதேன். யார் மேல் கோபப்படுவது என்றுகூடத் தெரியவில்லை அக்கா. திட்டினால் பதிலுக்குச் சண்டை போடலாம். சாப்பிட்டியா என்று கேட்கிறவர்களிடம் என்ன சண்டை போடுவது?

பொம்மைக்கு வர்ணம் அடிக்க வரும் பாஞ்சாலை இதைத் தபாலில் சேர்ப்பாள். 13-ஆம் தேதி வியாழக்கிழமை நீ நேரில் வா. அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று சொல். பொய்தான், அம்மா மன்னிப்பாள். தாய்வீட்டில் யாருக்காவது முடியவில்லை என்றால் மட்டும் மண்டலக் கணக்குப் பார்க்க மாட்டார்கள். முன்கூட்டி யாருக்கும் போன் பண்ணாதே.

வரும்போது வீட்டில் இருப்பதிலேயே பெரிய பையாக எடுத்து வா. ஹெலிகாப்டர் ஒரு சாண்தான் இருக்கும். இருந்தாலும் பை பெரிதாகவே இருக்கட்டும்.

வாசலைப் பார்த்தபடி,
உன் தங்கை
மோகனப்பிரியா