பஸ் நேரத்துக்குப் பழகாத லட்டு

என் செல்ல சரோஜா அக்காவுக்கு,

நீ போய் இரண்டு மாதம் ஆகிறது. பதினெட்டு வருஷம் பக்கத்து குவார்ட்டர்ஸில் இருந்தவளுக்குக் கடிதம் எழுதும்படி வைத்துவிட்டாய். என்ன செய்ய, உன்னிடம் சொல்லியே தீர வேண்டிய சேதி ஒன்று இருக்கிறது.

உன் லட்டுவைப் பற்றித்தான். நீ பொமரேனியன் என்று பெருமையாகச் சொல்வாய், எனக்கு அது ஒரு பிடி பஞ்சு. வாங்கி வந்து மூன்று வாரம்கூட நீ கொஞ்சவில்லை, அதற்குள் நெஞ்சு வலி வந்து உன்னைக் கொண்டுபோய்விட்டது. அதற்குப் பிறகு உன் வீட்டுக்கார அண்ணன் ஒற்றை ஆளாக என்ன செய்வார், பாவம்? ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்டுக்குப் பூட்டிவிட்டுப் போய் மதியம் திரும்பினால் ஹால், சமையலறை, உன் கட்டில் விரிப்பு எல்லாம் ஈரம்.

நெல்லிக்குப்பத்தில் ஒருத்தர் கேட்கிறார், மாதக் கடைசியில் லட்டுவைக் கொடுத்துவிடப் போகிறேன் என்றார். எனக்கு வந்ததே கோபம். இதையும் அனுப்பிவிட்டு அந்த வீட்டில் யார் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பார்? அதற்குள் வெளியே போகப் பழக்கித் தருகிறேன் என்று சொல்லித் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

எல்லாம் வாய் வீரம்தான். நம் டவுன்ஷிப்பில் சோறு, குளியல், தூக்கம் எல்லாமே ஷிஃப்ட் பஸ் நேரத்துக்குத்தானே? நாய்க்கும் அதையே போட்டேன். என் வீட்டுக்காரர் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது ஒரு தடவை, வந்து இறங்கும்போது ஒரு தடவை தோட்டத்தில் விடுவேன். முதல் வாரம் இரண்டு தடவை வேலியோரம் ஒன்றுக்குப் போனது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை இவர் செகண்ட் ஷிஃப்ட்டுக்கு மாறினார், நானும் நேரத்தை மாற்றினேன். லட்டு பழைய நேரத்துக்கே எழுந்து கதவடியில் நின்றது. நான் திறக்கவில்லை. கால்மிதியில் போய்விட்டது. ஓர் அடி வைத்துவிட்டேன் அக்கா. கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்ததுதான், மதியம் வரை வெளியே வரவில்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. முப்பது வருஷம் வேலை பார்த்தவருக்கே ஷிஃப்ட் மாறினால் உடம்பு கேட்பதில்லை, நான்கு மாதக் குட்டிக்கு என்ன தெரியும்?

அப்புறம் அதன் வயிற்றின் போக்குக்கே விட்டேன். தூங்கி எழுந்தால் வெளியே, சாப்பிட்டால் வெளியே. அப்போதும் கேட்டைப் பார்த்து முனகிக்கொண்டு நிற்கும். உள்ளே தூக்கி வந்தால் தரையிலேயே போய்விடும்.

மாதக் கடைசி ஞாயிறும் வந்தது. பத்து மணிக்கு நெல்லிக்குப்பத்துக்காரர் வருவதாகப் பேச்சு. தோற்றுப்போனேன், ஒப்படைத்துவிடலாம் என்று கேட்டைத் திறந்தேன். லட்டு என் கால் சந்தில் புகுந்து ஓடியது, நானும் பின்னாலேயே ஓடினேன். உன் வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போய், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் மண்ணை மோந்து பார்த்து உட்கார்ந்தது. முடித்ததும் என்னைப் பார்த்து வாலை ஆட்டியது.

பின்வாசலில் அண்ணன் பல் தேய்த்துக்கொண்டு நின்றார்.

"சரோஜா தினமும் இங்கதாம்மா கொண்டாந்து விடுவா. போய் முடிச்சதும் தட்டிக்குடுப்பா," என்றார். வாயைக் கொப்பளித்துவிட்டு, "நான்தான் கதவைப் பூட்டிட்டுப் போனேன்."

கீழே உட்கார்ந்து அதைத் தட்டிக்கொடுத்தார். உன் காரியத்தன்றுகூட அழாத மனுஷன் அப்போது அழுதார். நானும் அழுதேன். நீ பழக்கிவிட்டுத்தான் போயிருக்கிறாய், எங்களுக்குத்தான் தெரியவில்லை.

வந்தவருக்கு டீ கொடுத்து, நானே மன்னிப்புக் கேட்டு வெறுங்கையோடு அனுப்பினேன். லட்டு இப்போது உன் வீட்டில்தான் இருக்கிறது. அண்ணன் டியூட்டிக்குப் போனால் சாவி என்னிடம் இருக்கும். அவருக்கு எந்த ஷிஃப்ட் வந்தாலும் அந்தப் பின்கதவை நான் திறந்துவிடுவேன் அக்கா. முடித்ததும் தட்டிக்கொடுக்கவும் மறக்கமாட்டேன்.

கூடப் பிறக்காவிட்டாலும் உன் தங்கைதான்,
மல்லிகா