உன்னைக் கிடத்த ஒரு வாசல்

இன்று காலை ஆபீஸ் முன்னால் ஒரு டெம்போ வந்து நின்றது. புதுத் தார்ப்பாய்ச் சுருள்கள். இந்த மழைக்கும் குடகுப் பக்கம் மண் சரிந்திருக்கிறது. நிவாரண முகாமுக்கு பிளான் வரைந்து கொடுக்க நம்மைத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். டிரைவர் கயிற்றை அவிழ்த்ததும் அந்த வாடை குப்பென்று அடித்தது. "இதுக்குப் பேரு அரசாங்க மல்லிகைடி" என்பாய் நீ, மூக்கைப் பொத்திக்கொண்டு. எனக்குச் சிரிப்பு வந்தது, பின்னாலேயே அழுகையும் வந்தது. டிரைவர் பயந்துபோய் "ஏனாயித்து மேடம்?" என்று கன்னடத்தில் என்ன ஆச்சென்று கேட்டான். கண்ணில் தூசி என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. இத்தனை நாள் உனக்கு ஒரு வரி எழுதாததற்குக் காரணம் துக்கம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். துக்கமாவது மண்ணாவது! வெட்கம்டி. உன் போட்டோவை நிமிர்ந்து பார்க்க முடியாத வெட்கம்.

நம் முதல் முகாம் ஞாபகம் இருக்கிறதா? காப்பித் தோட்டத்து லைன் வீடுகள் மலையோடு சரிந்து போன பிறகு, அங்கே வேலை செய்த தமிழ்க் குடும்பங்களுக்காக நாம் வரைந்தது. மைசூரில் ஃபேனுக்கடியில் உட்கார்ந்து, வரிசை வரிசையாகத் தகர அறைகள், ஒவ்வொரு வரிசைக்கும் நீளமாக ஒரே கூரை என்று போட்டோம். தகடு மிச்சம், இடுக்கில் மழை இறங்காது என்று நமக்கு ஒரே பெருமை. "ரயில் மாதிரி நிக்குது பாருடி" என்று நீ போனில் படம் எடுத்து உன் ஹனூர் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினாய்.

அந்த ரயிலில் ஒரு பெரியவர் செத்துப்போனார். மகன் திருப்பூரிலிருந்து வரவேண்டும். அறைக்குள் பிணத்தைக் கிடத்தினால் மற்றவர்கள் உட்கார இடமில்லை. வெளியே கிடத்தினால் மழை. கடைசியில் சேற்றில் ஒரு பெஞ்சு போட்டு, நாலு ஆண்கள் தார்ப்பாயின் நாலு முனையையும் கையால் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கை வலித்தால் ஆள் மாற்றிக்கொண்டார்கள். நாம் போய்ச் சேர்ந்தபோது பார்த்தது அதைத்தான். வரிசை முழுக்க ஒரு அடுப்பு எரியவில்லை. குழந்தைகள் பசியில் சிணுங்கிக்கொண்டிருந்தன.

"ஏனுங்க, அரிசி வரலீங்களா?" என்று நீ பதறிப்போய்க் கேட்டாய். செல்விதான் பதில் சொன்னாள், பெரியவருக்கு மூன்று அறை தள்ளி இருந்தவள். "அரிசியெல்லாம் இருக்குங்கம்மா. ஒரே மோட்டுக்குக் கீழ பொணம் கெடக்குது. எடுக்கறதுக்கு முன்னால எப்படி அடுப்பு மூட்டறது?"

ஒரே கூரையென்றால் அவர்களுக்கு ஒரே வீடு. இழவு விழுந்த வீட்டில் உலை வைக்கமாட்டார்கள். தமிழ் பேசிப் பிறந்த நம் இருவருக்கும் இது தெரியாததா? தெரியும். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தபோது மறந்துபோனோம், அவ்வளவுதான்.

திரும்பி வரும்போது பஸ் ஹுணசூர் தாண்டியதும் ஆரம்பித்தாய். "வீடு தற்காலிகம்னா சாவும் தற்காலிகமாடி?" பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். உனக்கென்ன கவலை! அங்கேயே டிக்கெட்டின் பின்பக்கம் வரைய ஆரம்பித்துவிட்டாய். நாலு அறைக்கு ஒருமுறை கூரையை வெட்டு, நடுவில் வானம் தெரியட்டும். முகாமின் முகப்பில் கூரை போட்ட ஒரு மேடை, பக்கத்தில் தண்ணீர்க் குழாய். ஒரு ஆளைக் கிடத்த, சுற்றி ஊரே உட்கார்ந்து அழ.

சாவுக்கு முன்கூட்டியே இடம் ஒதுக்குவதாவது, அபசகுனம் என்று என்ஜினியர் குதித்தார். நீ பேனாவை வாங்கி, பிளானில் அந்த மேடைக்கு 'பெரிய வாசல்' என்று பேர் எழுதிக் கொடுத்தாய். கையெழுத்து விழுந்துவிட்டது. பிறகு அந்த மேடையில் காதுகுத்து நடந்தது, கீரை விற்றார்கள், நம்மை வைத்துக்கொண்டே ஒரு நிச்சயதார்த்தம்கூட நடந்தது. சாவும் நடந்தது. யாரும் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. அதற்கப்புறம் நாம் வரைந்த எல்லா முகாமிலும் பெரிய வாசல் இருந்தது.

உனக்குத்தான் இல்லாமல் போனது.

ஆஸ்பத்திரியிலிருந்து உன்னை நம் அபார்ட்மென்ட்டுக்குக் கொண்டுவந்தோம். நீ இரண்டாவது மாடி, நான் நாலாவது. கல்யாணம் காட்சி என்று எதிலும் மாட்டாமல் இருந்தவளுக்கு அந்த ஃப்ளாட்தானே வீடு? உன் அண்ணன் வந்து சேரச் சாயங்காலம் ஆகும் என்றார்கள். "லிஃப்ட் பேடா மேடம்", லிஃப்ட் வேண்டாம் என்று அபார்ட்மென்ட் சங்கத்துக்காரர்கள் வழியை மறித்தார்கள். குழந்தைகள் பயந்துகொள்ளுமாம். படியில் தூக்கலாம் என்றால் ஐஸ் பெட்டி திருப்பத்தில் திரும்பவில்லை. நான் விட்டேனா? கன்னடத்தில் ஒரு பாட்டம், தமிழில் ஒரு பாட்டம் கத்தித் தீர்த்தேன். ஊருக்கே வாசல் வைத்தவளுக்கு ஒரு வாசல் கிடையாதா என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டார்களே தவிர நகரவில்லை.

பார்க்கிங்கில் ஸ்கூட்டர்களைத் தள்ளி வைத்து உன்னைக் கிடத்தினோம். வண்டிக்கு சார்ஜ் போடும் பிளக்கில் ஐஸ் பெட்டியின் ஒயரைச் செருகினார் வாட்ச்மேன்.

மத்தியானம் செல்வி வந்தாள், கூட இன்னொரு பெண். இப்போது அவர்களுக்கு நிரந்தர வீடு கிடைத்துவிட்டது. விடியற்காலையே பஸ் ஏறி, மடியில் பூவைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். கேட்டுக்குள் நுழைந்ததும் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "அம்மாவோட வாசல் எதுங்க?" என்றாள். நான் கையைக் காட்டினேன். தூணுக்கும் காருக்கும் நடுவே நீ. அவள் செருப்பைத் தூரத்திலேயே கழற்றிவிட்டு வந்து, உன் காலடியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

அப்போதுதான் மேலே ஒரு குக்கர் விசிலடித்தது.

செல்வி அழுகையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். பிறகு, என்னைத் தேற்றுவது போல, "கைப்புள்ள இருக்கற வீடா இருக்கும்மா" என்றாள். நான் தலையாட்டினேன். இரண்டாவது விசில் வந்தது. கடைசியில் காற்றுப் போய், தொண்டை கட்டிய மாதிரி இழுத்து நின்றது.  அது என் குக்கர்டி. "உன் குக்கர் விசிலடிக்கல, இருமுது. டாக்டர்கிட்ட காட்டு" என்று நீ கிண்டல் பண்ணுவாயே, அதேதான்.

கொஞ்ச நேரத்தில் என் வீட்டுக்காரர் ஃப்ளாஸ்க்கோடு இறங்கி வந்தார். இருபது வருஷத்தில் அடுப்படிப் பக்கம் தலைவைத்துப் படுக்காத மனுஷன். எல்லார் முன்னாலும், "நீ அலையாதே. உங்கம்மாவுக்கு சுகர், நேரத்துக்குச் சாப்பிடணும்ல? நானே சாதம் வெச்சுட்டேன்" என்றார். எவ்வளவு அன்பாகச் சொன்னார் தெரியுமா? அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அவர் என்ன தப்புச் செய்தார்? அம்மா என்ன தப்புச் செய்தாள்? ஆனால் நான் அங்கேயே மண்ணுக்குள் புதைந்துபோனால் தேவலை என்று நின்றேன். அதுவரை சங்கத்துக்காரர்களை அவ்வளவு ஏசினேனே!

செல்விக்குக் காப்பி ஊற்றி நீட்டினேன். "எடுக்கட்டும்மா, அப்புறம் குடிக்கறேன்" என்றாள், மெதுவாக, எனக்கு வலிக்கக்கூடாது என்று பார்த்துப் பார்த்து. உன்னை எடுக்கும்வரை அவர்கள் இருவரும் பச்சைத்தண்ணிகூட வாயில் வைக்கவில்லை. நம் மாடிகளில் அதற்குள் எல்லா வீட்டிலும் சாப்பாடு முடிந்திருந்தது.

இந்தப் புது முகாமுக்கும் பெரிய வாசல் வரைந்திருக்கிறேன். இப்போதைய என்ஜினியர் சின்னப் பையன்தான். அதை எடுத்துவிட்டால் இன்னும் இரண்டு அறை போடலாமே மேடம் என்றான். அந்த இரண்டு குடும்பம் எங்கே போகும் என்று அவன் கேட்டதும் நியாயம்தான். வண்டி நிறுத்தும் இடத்தைச் சுருக்கி அந்த இரண்டு அறைகளுக்கு இடம் கண்டுபிடித்துக் கொடுத்தேன். வாசலை மட்டும் விடவில்லை.

போன மாதம் நம் முதல் மாடியில் ஒரு தாத்தா இறந்துபோனார். அவரையும் பார்க்கிங்கில்தான் வைத்தார்கள். இந்தத் தடவையும் கத்தினேன், இந்தத் தடவையும் தோற்றேன். மேலே வந்து அடுப்பை அணைத்தேன். அம்மாவுக்கு பேக்கரி பன்னும், கடையில் காய்ச்சி வாங்கி வந்த பாலும் கொடுத்தேன்.  என் வீட்டுக்காரரும் பன்னைத்தான் தின்றார். பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தேன். மற்ற வீடுகளிலிருந்து விசில் வந்துகொண்டுதான் இருந்தது. கீழே அந்தத் தாத்தாவின் மருமகள் ஒவ்வொரு விசிலுக்கும் தலையைத் தூக்கி ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்தாள். கடைசியில் என் ஜன்னலையும் பார்த்தாள். எல்லோரையும் பார்த்த அதே பார்வைதான். எங்கள் அடுப்பு அணைந்திருக்கிறது என்று அவளுக்கு எப்படித் தெரியும்?