ஆமீன் சொல்ல ஓர் ஆள்

8 நவம்பர் 2022, செவ்வாய்

இன்றைக்கும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மதியம் ஹன்னா ஆன்ட்டி அந்த இரட்டைப் பிடிக் குவளையில் கை கழுவிவிட்டுச் சாப்பாட்டு மேசைக்கு வந்தார். "ஊறுகாய் எடுத்துவரட்டுமா?" என்று இந்தியில் கேட்டேன். சும்மா இரு என்பதுபோல் கையை மட்டும் காட்டினார். போன வாரமும் இதே கதைதான். அடுப்பைக்கூட அவர் வந்து பற்றவைத்தால்தான் நான் சமைக்கலாம். நான் என்ன, விஷமா வைக்கப்போறேன்? பம்பாய் யூத வீட்டுப் பொம்பளை, மகன் துபாயில் பெரிய இன்ஜினியர் — இருக்கட்டுமே! நானும் கீழக்கரை மீரா சாகிப் மகள்தான். எனக்கும் ரோஷம் இருக்கு.

மகன் எப்போதும் சைட்டில். பிளாட்டில் நாங்கள் இரண்டே பேர். அவர் மேசையில் தனியாக, நான் அடுப்படியில் நின்றபடி தனியாக. விசா முடிந்ததும் கலாஸ், ஊருக்குப் போய்விடுவேன்.

9 நவம்பர்

சென்னையில் இருக்கும் மகள் இன்ஷாவைக் கூப்பிட்டேன். "மீட்டிங்ல இருக்கேன் உம்மா, அப்புறம் பேசுறேன்."

ஊருக்குப் போய் மட்டும் யாரோடு உட்கார்ந்து சாப்பிடப்போகிறேன்?

13 நவம்பர், ஞாயிறு

இன்று நான் செய்தது தப்பா, இல்லையா? அவர் சாப்பிட்டு முடித்து, கண்ணை மூடி ஏதோ முணுமுணுக்க ஆரம்பித்தார். வேலை முடியட்டுமே என்று மிச்சச் சப்பாத்தியையும் சேர்த்துத் தட்டை எடுத்துவிட்டேன். மேசையைத் தட்டினார் பாருங்க! ஓடிப்போய்ச் சப்பாத்தியைத் திரும்ப வைத்த பிறகுதான் முணுமுணுப்பு தொடர்ந்தது.

அடுப்படியில் போய் அழுதேன். இந்த வயதில் இது தேவையா எனக்கு?

20 நவம்பர், ஞாயிறு

மகன் ஷிம்ஷோன் சார் வந்திருந்தார். விசாவைப் புதுப்பிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஏன் என்றார். கொட்டித் தீர்த்தேன்.

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார். கை கழுவியதிலிருந்து முதல் வாய் ரொட்டி உள்ளே போகும்வரை அவர்கள் பேசக் கூடாதாம். அடுப்பை யூதர் ஒருவர்தான் பற்றவைக்க வேண்டும் என்பதும் அவர்கள் மார்க்கச் சட்டமாம். சாப்பிட்ட பிறகு ஆண்டவனுக்கு நன்றி சொல்லும்போது மேசை காலியாக இருக்கக் கூடாது, அருளும் பரக்கத்தும் இறங்க ஒரு துண்டு ரொட்டியாவது இருக்க வேண்டுமாம்.

"பம்பாயில் அப்பா இருந்தபோது ஒருவர் ஓத, மற்றவர்கள் ஆமீன் சொல்வோம். இங்கே அம்மா தனியாக ஓதுகிறார். நடுவில் வரும் ஒரு ஆமீனையும் அவரே சொல்லிக்கொள்கிறார்."

ஆமீன்! நம்ம வார்த்தைதானே அது. நான் என்னவெல்லாம் நினைச்சுட்டேன்.

21 நவம்பர்

ஆன்ட்டி கை கழுவியதும் நான் வாயைத் திறக்கவில்லை. முதல் வாய் மென்றதும் அவரே கேட்டார், "ஊறுகாய் எங்கே?"

6 டிசம்பர், செவ்வாய்

ஆன்ட்டி ஓதுவதை அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த ஆமீன் வந்தது. என்னையறியாமல் நானும் "ஆமீன்" என்றுவிட்டேன். சத்தமாகவே. ஆன்ட்டி நிறுத்தினார். யா அல்லாஹ், தொலைஞ்சேன் என்று நினைத்தேன். மூக்கை உறிஞ்சிவிட்டு மறுபடி ஓத ஆரம்பித்தார்.

7 டிசம்பர்

ஆன்ட்டி எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டார். "பைட்டோ, நஜீஹா." உட்கார்ந்தேன். சாப்பிட்டதும் நானும் கையேந்தித் துஆ கேட்டேன். அவர் ஆமீன் சொன்னார்.

15 ஜனவரி 2023, ஞாயிறு

விசாவைப் புதுப்பிக்கச் சொல்லிவிட்டேன். இன்ஷா போனில், "ஊருக்கு வர்றேன்னு சொன்னீங்களே?" என்றாள். இங்கே சேர்ந்து சாப்பிட ஆள் இருக்கிறது என்றேன். அவளுக்குப் புரியவில்லை.

2 பிப்ரவரி

ஷிம்ஷோன் சாருக்குப் பம்பாய்க்கே மாற்றல் வந்துவிட்டதாம், ஆன்ட்டியும் கூடப் போகிறார். எனக்கு அல் ஐனில் அவருடைய நண்பர் வீட்டில் வேலை பேசியிருக்கிறார். நல்ல மனுஷர், என்ன சொல்ல?

12 பிப்ரவரி, ஞாயிறு

கடைசிச் சாப்பாடு. ஆன்ட்டி கையைப் பிடித்துக்கொண்டார். "பம்பாயில் பேரப்பிள்ளைகள் எனக்கு ஆமீன் சொல்வார்கள். உனக்கு யார் சொல்வார்கள்?"

"எனக்கு மகள் இருக்கா" என்றேன்.

27 பிப்ரவரி, திங்கள்

அல் ஐன். பெரிய வீடு. குறை சொல்ல ஒன்றுமில்லை. எல்லாரும் ஆளுக்கொரு நேரத்தில் சாப்பிடுகிறார்கள். நான் அடுப்படியில், ஸ்டூலில்.

இன்று கடைசித் துண்டு குபூஸ் ரொட்டியைத் தட்டிலேயே விட்டுவிட்டு இன்ஷாவைக் கூப்பிட்டேன்.

"உம்மா, மீட்டிங்..."

"தெரியும். போனை வைக்காதே. நான் துஆ கேட்டு முடிச்சதும் ஆமீன்னு சொல்லு, போதும்."

"என்னாச்சு உம்மா?"

"ஒண்ணும் ஆகலே. சாப்பிட்டேன். அதுக்குத்தான்."

ஓதினேன். அந்தப் பக்கம் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. முடித்துவிட்டுக் காத்திருந்தேன். சத்தம் நின்றது.

"ஆமீன்" என்றாள். "உம்மா, தனியாவா சாப்பிடுறீங்க?"

இல்லை என்று சொல்லிவிட்டு, தட்டில் இருந்த துண்டை எடுத்துக்கொண்டேன்.