பின்வாசல் இல்லாத பிரிண்ட்

ஜூலை 7, திங்கள்
மலைப்பக்கம் சாரல். குடை மறந்தாச்சு. ஆபீஸில் ஜெயபால் அண்ணன் நாற்காலி இன்னும் காலி. அவர் இறந்து ஒரு மாதம். ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் கட்டும் பேண்டேஜ் கம்பெனிக்கு பிளான் வரைந்தவர்.

மதியம் அந்த சைட். பேக்கிங் ஹாலின் பின்சுவர் தலைக்கு மேல் வந்துவிட்டது. பின்வாசலைக் காணோம். கொத்தனார் பிரிண்ட்டை விரித்தார். "இதுல வாசல் எங்கம்மா இருக்கு?" இல்லை.

பழைய ஷெட்டில் பேக்கிங் செய்யும் மாரியம்மாள் எட்டிப் பார்த்தாள். "உள்ள அம்புட்டும் பஞ்சு. தீப்பிடிச்சா எது வழியாக்கா ஓட?"

ஜூலை 8, செவ்வாய்
கம்ப்யூட்டரில் பிளான் ஃபைலைத் திறந்ததும் புரிந்தது. கதவு ஒரு பிளாக், கோடுகளைச் சேர்த்துக் கட்டிய ஒரே துண்டு. அதன் கோடுகள் கதவுக்கான அடுக்கில், கதவு லேயரில்தான். ஆனால் பிளாக்கை வைத்திருப்பது மேசை நாற்காலி லேயரில். பிரிண்ட்டில் மேசைகள் வராமலிருக்க அந்த லேயரை ஃப்ரீஸ் செய்ததும் மேசைகளோடு கதவும் மறைந்துவிட்டது. வெறுமனே ஆஃப் செய்திருந்தால் மேசைகள் மட்டும் மறைந்து கதவு நின்றிருக்கும்.

இரண்டு வாரம் முன்பு, பழைய கதவை அழித்துப் புது இடத்தில் வைத்தது எங்கள் ஆபீஸ் இன்ஜினியர் சார். ஃப்ரீஸ் செய்ததும் அவரே. பக்கத்தில் நின்று பார்த்தேன்.

சொன்னேன். சார் ஃபைலை மூடினார். பிறகு, "ஜெயபால் போட்ட பிளான்னு சொல்லிருவோம். அவன் வந்து கேக்கவா போறான்?"



ஜூலை 9, புதன்
ஜெயபால் அண்ணன் மனைவி எஸ்தர் மதினி வந்தார், அண்ணன் பொருள்களை எடுத்துப்போக. கண்ணாடி, டிபன் பாக்ஸ், ஒரு ஸ்வெட்டர். அதே நேரம் பேண்டேஜ் கம்பெனிக்காரரும், கையில் பிரிண்ட்டோடு. "யாரு பாத்த வேலை இது?"

சார் மதினியைப் பார்த்தார். நான் சொன்னேன்: "ஜெயபால் அண்ணன் வரைஞ்சதுல வாசல் இருந்துச்சு. பொறவு இங்க மாத்துனப்பதான் போயிருச்சு."

கம்பெனிக்காரர் கையை வீசினார். "சரி விடுங்க. சுவரு எந்திரிச்சிருச்சு. முன்வாசல் பெருசுதானே."

"இல்லங்க, இடிக்கணும்." சார் எழுந்தார். "நான் செஞ்ச தப்பு. நானே நின்னு சரி பண்ணித் தாரேன்."

மதினி படியில் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அவிய வாசல மறக்கிற ஆளு இல்லம்மா." அழுதார். நானும்.

ஜூலை 10, வியாழன்
வெயில். காலையிலிருந்தே கடப்பாரைச் சத்தம். சார் தொப்பிகூட இல்லாமல் நிற்கிறார். நான் வந்ததும் முதுகைத் திருப்பிக்கொண்டார்.

சாப்பாட்டு நேரத்தில் பேக்கிங் பெண்கள் வந்தார்கள். பாதி உடைந்த வழியில் ஒவ்வொருத்தியாகக் குனிந்து வெளியே போய்ப் பார்த்தார்கள். ஒருத்தி திரும்பி, "இன்னுஞ் செத்த அகலமா வைங்க சார். ஓடுனா எல்லாரும் ஒண்ணாத்தான் ஓடி வருவோம்."

சார் அளவு டேப்பை நீட்டினார். மறுமுனையை நான் பிடித்தேன்.